ப்ரோஷரை ஆபீஸிலேயே அடிப்பதா, பிரஸ்ஸில் கொடுப்பதா?

கேள்வி இதுதான்: கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் சிறு நிறுவனம், மூன்று மாடல். டீலர்களுக்கும் கண்காட்சிகளுக்குமாக வருடத்துக்குச் சுமார் 4,000 ப்ரோஷர் வேண்டும். ஏ4 அளவு, இரண்டு பக்கமும் மல்டிகலர், மூன்றாக மடித்தது. நல்ல கலர் லேசர் பிரிண்டர் ஒன்று வாங்கி நாமே அடித்துக்கொள்ளலாமா, இல்லை சிவகாசிக்குக் கொடுத்துவிடலாமா?

சிவகாசியில் 26 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் மெஷினில், அதற்குப் பிறகு எஸ்டிமேட் போடும் மேஜையில். பிரஸ்காரன் பிரஸ்ஸுக்குத்தான் பரிந்து பேசுவான் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் பிரிண்டரில் அரைமணி நேரத்தில் முடிகிற வேலையை எங்களிடம் கொடுத்துப் பணத்தை வீணாக்கியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே அடிப்பது என்று யோசிக்கும் முன், அந்தத் தாளில் இருக்கும் விஷயம் எத்தனை மாதம் மாறாமல் இருக்கும் என்று யோசியுங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும். அதற்கு வரும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பிரிண்டர் வாங்க நினைக்கும் எல்லோரும் தப்புவது ஒரே இடத்தில்தான்.

டோனர் பெட்டியின் மேல் "2,000 பக்கம்" என்று போட்டிருப்பார்கள். அது பொய் கிடையாது. ஒரு பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பை மட்டும் மூடினால் வரும் எண்ணிக்கை அது. லெட்டர்ஹெட்டில் மேலே ஒரு லோகோ, கீழே பத்து வரி என்றால் அந்தக் கணக்கு சரியாக வரும். உங்கள் ப்ரோஷர் அப்படி இருக்காது. பின்னணி முழுக்க நிறம், நடுவில் கிரைண்டர் படம், ஓரத்தில் இட்லியும் தோசையும். நான்கு நிறமும் சராசரியாக 25 சதவீதம் என்று வைத்தால்கூட, 2,000 பக்கம் அடிக்கும் டோனர் 400 பக்கத்தில் தீர்ந்துவிடும். இரண்டு பக்கம் அடிப்பதால் அது 200 ப்ரோஷர். 4,000 ப்ரோஷருக்கு 20 செட் டோனர், செட்டுக்கு நான்கு வீதம் 80 டோனர். கணக்குக்காக ஒரு டோனர் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,20,000 ரூபாய், ஒரு ப்ரோஷருக்கு டோனர் மட்டும் 80 ரூபாய். விலை குறைந்த மாற்று டோனர் போட்டு அதைக் கால்பங்காக்கினாலும் 20 ரூபாய். பேப்பர், டிரம், அடிக்கும் ஆளின் சம்பளம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலின் டோனர் விலையையும் பக்க எண்ணிக்கையையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இங்க் டேங்க் பிரிண்டரில் மை மலிவுதானே என்று அடுத்துக் கேட்பீர்கள். மை மலிவு என்பது உண்மை. ஆனால் பிரஸ்ஸில் ஓட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரை அதில் விட்டால் மை ஊறாமல் மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சுப் போட்ட தாள் தனியாக வாங்க வேண்டும், மையில் மிச்சம் பிடித்ததை அந்தத் தாள் எடுத்துக்கொள்ளும். அதே இங்க்ஜெட் பளபளப்புத் தாளைத் தவறிப்போய் லேசரில் விட்டுவிடாதீர்கள். லேசரில் டோனரை உருக்கி ஒட்டும் ஃபியூசரின் சூட்டில் அந்தப் பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால், தாளோடு சேர்த்து ஃபியூசரும் போய்விடும்.

லேசருக்கென்று ஆர்ட் பேப்பர் கிடைக்கிறது, அதை வாங்கினால் படம் நன்றாகவே வரும். அதற்கு அப்புறம்தான் கைவேலை இருக்கிறது. ஆபீஸ் பிரிண்டர் தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வெள்ளை விட்டுத்தான் அடிக்கும். நிறம் ஓரம் வரை ஓட வேண்டுமென்றால் பெரிய தாளில் அடித்து நான்கு பக்கமும் வெட்ட வேண்டும், அதற்குக் கட்டிங் மெஷின் வேண்டும். சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் தானாகத் திருப்பி அடிக்கும் வசதி கனமான தாளுக்கு வேலை செய்யாது. கையால் திருப்பிப் போட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் தாளுக்குத் தாள் கொஞ்சம் விலகும், மடிக்கும்போது அது கண்ணில் குத்தும். டோனர் தாளில் ஊறாமல் மேலே படலமாக உட்காருவதால், அடர்ந்த நிறத்தின் மீது மடிப்பு விழுந்தால் அங்கே வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிக்கிற நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தாளுக்குப் பத்து விநாடி என்றாலும் 4,000 தாளுக்கு 11 மணி நேரம் ஒருவர் குனிந்தபடி உட்கார வேண்டும். ஆர்டர் எடுக்கிற பிள்ளையையோ கணக்கு எழுதுகிற பிள்ளையையோ அதற்கு உட்கார வைத்தால், அந்த நாளில் நின்றுபோகும் வேலையின் விலை எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

இப்போது அதே 4,000 பிரஸ்ஸுக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நாங்கள் ஏ4 ஆக அடிப்பதில்லை. 25க்கு 36 அங்குல ஆர்ட் பேப்பரைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியில் நான்கு ஏ4 வருமாறு வைப்போம். அந்த நான்கில் இரண்டு உங்கள் முன்பக்கம், இரண்டு பின்பக்கம். ஒரு பக்கம் ஓட்டி முடித்து, அதே பிளேட்டிலேயே (படம் பதிந்த அச்சுத் தகட்டிலேயே) தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டினால் ஒவ்வொரு தாளிலும் நான்கு முழு ப்ரோஷர் கிடைத்துவிடும். வொர்க் அண்ட் டர்ன் என்று சொல்வது இதைத்தான். நிறத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கத்துக்கும் எட்டு பிளேட் வேண்டிய இடத்தில் நான்கு போதும். ஆக 4,000 ப்ரோஷருக்கு வேண்டியது ஆயிரம் பாதித்தாள், அதாவது 500 முழுத்தாள், சரியாக ஒரு ரீம். 130 ஜிஎஸ்எம்மில், அதாவது சதுர மீட்டருக்கு 130 கிராம் எடையுள்ள தாளில், அது சுமார் 38 கிலோ. வேஸ்டேஜுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு ஓட்டம் வீதம் மெஷினில் 2,000 இம்ப்ரெஷன் மட்டும்தான், ஓட ஆரம்பித்தால் அரைமணி நேர வேலை. பிளேட் மாட்டி, நான்கு நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைத்து, நிறம் பிடிக்கத்தான் அதைவிட நேரமாகும்.

உங்கள் செலவு எங்கே இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. பிளேட்டும் மெஷின் செட்டிங்கும் 500 அடித்தாலும் ஒன்றுதான், 4,000 அடித்தாலும் ஒன்றுதான். அதனால் 500க்கு விலை கேட்டால் ஒரு பிரதி அநியாய விலையாகத் தோன்றும். 4,000க்கு மேற்சொன்ன மாதிரி, 130 ஜிஎஸ்எம்மில், லேமினேஷன் இல்லாமல் கேட்டால் கட்டிங், ஃபோல்டிங் சேர்த்தாலும் ஒரு பிரதி ஒற்றை இலக்க ரூபாயில் நிற்கும். எங்கள் ஊரில் இது இவ்வளவு மலிவாக முடிவதற்குக் காரணம் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய ஊர் இது. பேப்பர் கடை, பிளேட் போடும் இடம், மெஷின், கட்டிங், லேமினேஷன் எல்லாம் சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கின்றன.

அளவை முடிவு செய்வதற்கு முன்பே பிரஸ்ஸில் பேசிவிடுங்கள். உதாரணத்துக்கு, ஏ4க்குப் பதில் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம் என்று வைத்தால், அதே நான்கும் 23க்கு 36 தாளின் பாதியிலேயே அடங்கிவிடும். கையில் எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, பேப்பரில் 8 சதவீதம் மிச்சம். டிசைன் முடிந்த பிறகு அளவைக் குறைக்கச் சொன்னால் டிசைனர் கோபப்படுவார், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. மூன்றாக மடிப்பதில் உள்ளே போகும் பாகம் மற்ற இரண்டையும் விட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏ4 என்றால் 100, 100, 97. மூன்றையும் 99 என்று சமமாகப் பிரித்த டிசைன்கள் மாதத்துக்கு ஒன்றாவது என் மேஜைக்கு வருகின்றன. அவற்றை மடித்தால் உள்ளே போகும் தாள் முட்டிக்கொண்டு புடைக்கும்.

கணக்கு இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது, பிறகு ஏன் முதலில் மாறும் விஷயம், மாறாத விஷயம் என்று சொன்னேன்? 2022ஆம் வருடம் ஜூலை 18ஆம் தேதி வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தைய மாதம்தான் ஒருவருக்கு 10,000 ப்ரோஷர் அடித்து அனுப்பினோம். ஒவ்வொரு மாடலுக்குக் கீழும் வரி உட்பட விலை, பெரிய எழுத்தில். 5,000 போதும் என்று நான் சொன்னேன். எண்ணிக்கை கூடினால் விலை குறைகிறதே என்று அவர் 10,000 கேட்டார். அவர் சொன்னதும் உண்மைதான், இன்னொரு மடங்கு அடிக்கப் பேப்பரும் அரைமணி மெஷின் ஓட்டமும்தானே கூடுதல். வரி மாறிய அன்று அவரிடம் எட்டாயிரத்துக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. விலையின் மேல் ஒட்ட ஸ்டிக்கர் அடித்துத் தர முடியுமா என்று போன் செய்தார். அடித்துக் கொடுத்தேன். ஒரு ப்ரோஷரில் மூன்று ஸ்டிக்கர், அதை ஒட்ட அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு வாரம் உட்கார்ந்தார்கள். ஒட்டிய பிறகு அந்தப் ப்ரோஷரைப் பார்த்த எந்த டீலருக்கும் "பழைய விலை என்னவாக இருந்தது?" என்று சுரண்டிப் பார்க்கத்தான் கை போனது.

அந்தப் போனுக்குப் பிறகு யார் ப்ரோஷர் கேட்டு வந்தாலும் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். படம், கல்லின் தரம், லிட்டர், மோட்டார் வாட், கம்பெனியின் கதை, இவை வருடக்கணக்கில் மாறாது. அவற்றைப் பிரஸ்ஸில் அடியுங்கள். விலை, சலுகை, டீலர் பெயர், சர்வீஸ் ஆளின் போன் நம்பர், இவை எப்போது வேண்டுமானாலும் மாறும். அவற்றை ஆபீஸில் ஒரு சாதாரண கறுப்பு வெள்ளை லேசரில், சாதாரண 75 அல்லது 80 ஜிஎஸ்எம் தாளில் அடித்து ப்ரோஷருக்குள் செருகுங்கள். ஏ4இல் மூன்று துண்டு வரும். அதில் நிறமும் படமும் இல்லாததால் அந்த 5 சதவீத டோனர் கணக்கு இங்கே உண்மையாகிவிடும், ஒரு துண்டுக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. வரி மாறினால் அன்று மாலையே புதுத் துண்டு தயார்.

டீலர் பெயர் விஷயத்தில் இந்தத் துண்டு இன்னொரு சிக்கலையும் தீர்க்கும். ப்ரோஷரின் பின்பக்கம் டீலர் முத்திரைக்கென்று ஒரு கட்டம் விடுவார்கள். பளபள ஆர்ட் பேப்பரில், அதிலும் லேமினேஷன் போட்டிருந்தால், சாதாரண ஸ்டாம்ப் பேடு மை காயவே காயாது. அடுக்கி வைத்தால் கீழே இருக்கும் முத்திரை மேலே இருக்கும் கிரைண்டரின் முகத்தில் ஒட்டும். சாதாரணத் தாள் மையைக் குடித்துக்கொள்ளும், அதனால் முத்திரையை விலைத் துண்டில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தந்த டீலரின் பெயரை நீங்களே அச்சடித்து அனுப்புங்கள், அவர்கள் மனசும் குளிரும்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிஜிட்டல் பிரஸ். பிளேட் கிடையாது, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை. நூறு, இருநூறு, முந்நூறு வரைக்கும் அங்கேதான் போக வேண்டும். அதைத் தாண்டினால் ஆஃப்செட், அதாவது எங்களைப் போல் பிளேட் போட்டு அடிக்கும் பிரஸ்ஸின், விலையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் எங்கோ ஆஃப்செட் மலிவாகிவிடும். கொடிசியாவில் அடுத்த வாரம் கண்காட்சி, புது மாடல் நேற்றுத்தான் முடிந்தது என்றால், 200 பிரதி டிஜிட்டலில் எடுங்கள். ஸ்டாலில் வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்தப் படத்தில் விரல் வைக்கிறார்கள், எந்த வரியைப் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். அதையெல்லாம் திருத்திவிட்டு 4,000க்கு வாருங்கள். ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிரதி அடித்தாலும் அந்த 200 பிரதி வீண் கிடையாது.

இனி, வெளியே கொடுப்பதில் எனக்கு அதிகம் மனவருத்தம் தந்த விஷயம் ஒன்று. தமிழ் எழுத்து.

உங்கள் வாசகத்தை நீங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ யூனிகோடில் அடித்து அனுப்புவீர்கள். பல டிடிபி சென்டர்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அதனால் ஒன்று கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவார்கள், அல்லது ஒரு பெண் உட்கார்ந்து முழுக்க மறுபடி அடிப்பார். மறுபடி அடித்தால் நீங்கள் பிழை பார்த்து அனுப்பியதற்கு அர்த்தமே இல்லை, புதுப்பிழைகள் புதிதாகப் பிறந்திருக்கும். கன்வெர்ட் செய்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும். பழைய எழுத்துருவில் செய்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தாலோ, "அம்மா" என்ற சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடு நன்றாக வரும், ஆனால் அதிலும் இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு கழன்றுவிடும். ஒரு முறை ஒரு பிரஸ்ஸில் "கெட்டியான மாவு" என்பதில் கொம்பு மாறி "கேட்டியான மாவு" என்று 3,000 பிரதி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கில வாசகத்தை நான்கு பேர் சரிபார்த்திருந்தார்கள். தமிழை ஒருவரும் படிக்கவில்லை. நம் ஊரில், நம் மொழி படிக்கிறவர்களுக்கு விற்கும் பொருளில் இது நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆகவே ஃபைல் முடிந்ததும் எல்லா எழுத்தையும் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய, அல்லது எழுத்துருவை உள்ளே வைத்த பிடிஎஃப்பைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து, வாசகத்தை எழுதியவர் அல்லாத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போன் நம்பரைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல், தாளைப் பார்த்து டயல் செய்து உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். இந்தப் ப்ரூஃபுக்கு உங்கள் ஆபீஸ் பிரிண்டர் ரொம்பப் பயன்படும்.

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது மெயிலில் போடுங்கள். அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். திரையில் தெரியும் பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் நான்கு மையில் அப்படியே வராது, கொஞ்சம் மங்கும். அதை அச்சான பிறகு பார்த்து அதிர்ச்சி அடைவதை விட, ஃபைலை சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அந்த நான்கு மை நிறங்களுக்கு, மாற்றிய பிறகு பார்த்து ஒத்துக்கொள்வது நல்லது. சின்ன எழுத்துகள் தனிக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறம் சேர்ந்த கறுப்பில் இருந்தால், முடியளவு விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

விலை கேட்கும்போது "4,000 ப்ரோஷர் என்ன விலை?" என்று மட்டும் கேட்டால் மூன்று பிரஸ் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லும். முடிந்த அளவு, ஜிஎஸ்எம், எந்த மில் பேப்பர், லேமினேஷன் உண்டா, மடித்துத் தருவார்களா, பார்சல் கூலி யாருடையது, ஜிஎஸ்டி சேர்த்தா என்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் ஜிஎஸ்டியில் சாதாரணப் பதிவில் இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், அதனால் பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் உங்களுக்கு லாபம் பெரிதாக இல்லை. ரொம்பக் குறைந்த விலை வந்தால், உங்கள் வேலையை வேறு நான்கு பேர் வேலையோடு ஒரே பிளேட்டில் சேர்த்து அடிக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். அது தப்பான முறை கிடையாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் புடவைக் கடை நோட்டீஸுக்குச் சிவப்பைக் கூட்டினால் உங்கள் ஸ்டீல் டிரம்மும் சிவக்கும். பொருளின் நிறம் முக்கியம் என்றால் தனியாக ஓட்டச் சொல்லுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் விலையில் சேரும். ஆடிப்பெருக்கு அன்று இங்கே வரும் வருடத்து காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போடுவார்கள். அதிலிருந்து டிசம்பர் முடிய எங்கள் மெஷின்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, பேப்பரும் இறுக்கமாக இருக்கும். பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி மார்ச்சில் வந்தீர்களென்றால் அதே வேலையை நிதானமாக, பொறுமையாகச் செய்து தருவோம். உங்கள் 4,000ஐ அப்போது அடித்து வைத்துக்கொண்டு, கட்டைப் பிரிக்காமல் ஈரம் படாத இடத்தில், தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

முடிந்தால் மெஷின் ஓடும் அன்று ஒரு நாள் வாருங்கள். நிறம் பிடித்து முடித்த முதல் நல்ல தாளை மெஷின்காரர் உங்களிடம் காட்டுவார். திருப்தி என்றால் அதில் கையெழுத்துப் போடுங்கள். வர முடியாவிட்டால் அந்தத் தாளில் ஒன்றைப் பார்சலோடு, வெட்டாமல், சுருட்டி அனுப்பச் சொல்லுங்கள். கூடவே திறந்த ஃபைலையும் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்டு வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து டிசைன் செய்தது நீங்கள். அந்தத் தாளை வெயில் படாமல் அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் எங்களிடம் வந்தாலும் வேறு பிரஸ்ஸுக்குப் போனாலும், "இந்த நிறம்தான் வேண்டும்" என்று மேஜையில் விரித்துக் காட்ட அது போதும்.